நெடுந்தீவிலிருந்து யாழ்ப்பாணம்: நித்திரையில் நின்றுபோகும் மூச்சுக்கு வைத்தியர் தேடி

இந்தப் பக்கத்தை வாசித்து வருகிறவர்களுக்குத் தெரியும், நான் எழுதுவதெல்லாம் சாமான் எடுக்கப் போன பயணங்கள். தம்புள்ளையில் வெங்காயம் எந்த நேரத்தில் இறங்கும், குறிகட்டுவானில் மூட்டை ஏற்ற எங்கே ஆள் பிடிக்கலாம், இப்படி. இந்த முறை எழுதுவது வைத்தியர் தேடிப் போன பயணம். தீவுகளில் இருந்து இதே தேவைக்குப் புறப்பட வேண்டியவர்கள் பலர் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். அவர்களில் அனேகருக்குத் தாங்கள் புறப்பட வேண்டும் என்பதே தெரியாது. ஏனென்றால் இது ஆள் நித்திரையாக இருக்கும்போது மட்டும் வந்துபோகிற வருத்தம்.

எனக்கு நெடுந்தீவில் பலசரக்குக் கடை. வாரத்துக்கு இரண்டு தடவை படகில் புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வந்து, அங்கே விட்டிருக்கும் மோட்டார் சைக்கிளில் யாழ்ப்பாணம் போய்வருவேன். போன ஆடியில், சோளகக் காற்று நன்றாக வீசிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், கடைசிப் படகைப் பிடிக்கத் திரும்பிக்கொண்டிருந்தேன். வேலணை முடிந்து புங்குடுதீவு தொடங்கும் முன் நீளமாக ஒரு தாம்போதி வரும். இரண்டு பக்கமும் கடல், நடுவில் வீதி. தாம்போதியில் ஏறியது ஞாபகம் இருக்கிறது. அடுத்த ஞாபகம் முன்சில்லு கல்லில் ஏறிக் குதித்த சத்தம். கண்ணைத் திறந்தபோது வீதி எனக்கு வலப்பக்கத்தில் கிடந்தது. முன்னால் தண்ணீர்.

இடுப்பளவு தண்ணீரில் வலை வைத்துக்கொண்டு நின்ற ஒருவர் கையை உயர்த்திக் கத்தினார்.

"அண்ணை! மீனுக்குச் சாமான் குடுக்கப் போறியளோ?"

நானும் சிரித்தேன். சிரித்து முடிந்த பிறகுதான் முன்சில்லுக்கும் தண்ணீருக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்தேன். களைப்பில் தூங்கி வழிந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். நித்திரை வருகிறது என்ற எண்ணமே வரவில்லை. கண் மூடிய இடமும் திறந்த இடமும் வேறு, நடுவில் இருந்த வீதியில் மோட்டார் சைக்கிள் மட்டும் தனியாக ஓடியிருக்கிறது. மிச்சத் தாம்போதியை அதை உருட்டிக்கொண்டு நடந்தே கடந்தேன். படகை மட்டுமட்டாகப் பிடித்தேன்.

அதற்கு முன்பே நான் மூன்று வைத்தியர்களைப் பார்த்துவிட்டேன். அவர்களை எப்படித் தெரிவு செய்தேன் என்று சொல்ல வேண்டும், தீவுக்காரர் நாங்கள் எல்லோரும் இப்படித்தான் செய்கிறோம். யார் கெட்டிக்காரர் என்று நாங்கள் விசாரிப்பதில்லை. யார் காலையில் பார்க்கிறார், பதினொரு மணிக்குள் விடுவாரா என்றுதான் விசாரிப்போம். யாழ்ப்பாணத்தில் தனியாகப் பார்க்கும் விசேட வைத்தியர்களில் அனேகர் பின்னேரம்தான் வருவார்கள். பின்னேரம் ஐந்தரைக்கு வைத்தியரைப் பார்த்தால் அன்றைக்குப் படகு இல்லை. ஆகவே எங்கள் வருத்தம் எதுவென்றாலும், காலையில் இருக்கிற வைத்தியர் எதற்குப் பேர்போனவரோ அந்த வருத்தமாக அதை ஆக்கிவிடுவோம். காது மூக்கு தொண்டை வைத்தியர் மூக்கில் எலும்பு வளைந்திருக்கிறது என்றார். இருதய வைத்தியர் இருதயம் பரவாயில்லை, பிரஷர் கூட என்றார். இருவரும் பிழை சொல்லவில்லை. மூன்றாமவரிடம் "நித்திரை காணாது, பகலெல்லாம் அலுப்பு" என்றேன். அவர் நித்திரைக் குளிசை எழுதித் தந்தார். நான் சாமானைச் சரியாகக் காட்டாமல் விலை கேட்டால் அவர் என்ன செய்வார்?

அதோடு, மூன்று தடவையும் தனியாகத்தான் போனேன். கடை வைத்திருக்கும் குடும்பத்தில் ஒருவர் கடலைக் கடந்தால் மற்றவர் கல்லாவில் இருக்க வேண்டும். இருவரும் ஒன்றாகப் படகேறுவது கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் மட்டும். என் மனைவி தவமலர் கடையில் இருந்தாள்.

தாம்போதியில் நடந்ததை அன்று இரவு சாப்பிடும்போது சிரிப்பாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. குசினிக்குள் போய் ஒரு அகப்பைக் காம்பைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

"இது என்ன தெரியுமே?"

"உடைஞ்ச அகப்பை."

"உங்களை இடிக்கிற தடி. தலகணிக்குக் கீழ வைச்சிருக்கிறனான்."

எனக்கு விலாவில் அடிக்கடி ஒரு கன்றல் இருக்கும். மூட்டை தூக்கினதில் வந்தது என்று நினைத்து எண்ணெய் பூசிக்கொண்டிருந்தேன்.

அவள் சொன்னது இதுதான். புங்குடுதீவில் எனக்குத் தெரிந்த ஒரு வியாபாரி பங்குனியில் நித்திரையிலேயே போனார். செத்தவீட்டில் எல்லோரும் "குடுத்துவைச்ச சாவு" என்றார்கள், நானும் சொன்னேன். பெண்கள் இருந்த பக்கம் செத்தவரின் மனைவி, தவமலரின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறா: "குறட்டை நிண்டுது அக்கா. அப்பாடா எண்டு நான் நித்திரையாப் போனன்."

"அண்டையிலயிருந்து உங்கட குறட்டை நிண்டா நான் எழும்பி இருக்கிறனான்" என்றாள் தவமலர். "நிக்கும். மூச்சும் நிக்கும். பேந்து இடிச்சா இழுப்பியள். அந்தக் குளிசை போட்ட நாளில இருந்து இடிச்சும் கெதியா எழும்புறியள் இல்லை."

அன்று நான் குளிசை போடவில்லை. நித்திரையும் கொள்ளவில்லை. சின்ன வயதுக்குப் பிறகு படுக்கைக்குப் பயந்தது அன்றுதான். கண் சொருகும்போதெல்லாம் தாம்போதியின் கல் தட்டியது போல் உடம்பு தூக்கிப்போட்டது.

எந்த வைத்தியரிடம் போவது என்று கண்டுபிடித்ததும் அவள்தான். எங்கள் தீவின் ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் இளம் வைத்தியர் பால்மா வாங்கக் கடைக்கு வந்தபோது, மிச்சக் காசு கொடுக்காமல் கையில் வைத்துக்கொண்டு விசாரித்திருக்கிறாள். நெஞ்சுநோய் வைத்தியரிடம் காட்ட வேண்டும், ஒரு இரவு தங்க ஆயத்தமாகப் போக வேண்டும் என்று அவர் சொல்லியிருக்கிறார்.

நான் மறுத்தேன். நெஞ்சு வைத்தியர் என்றால் எங்கள் சனத்துக்குக் கசம், காசநோய்தான். கசம் என்று ஒரு கதை பரவினால் என் கையால் நிறுத்த சீனியை யார் வாங்குவார்கள்?

"கசம் எண்டு சனம் வராட்டி வராமல் விடட்டும்" என்றாள். "செத்தவீடு எண்டு கடை பூட்டுறதிலும் பாக்க நாளைக்கு நானே பூட்டுறன்."

பூட்டினாள். காலையில் கடைக் கதவில் பூட்டைக் கண்டு இரண்டு பேர் யார் செத்தது என்று கேட்டார்கள்.

காலை ஆறரைப் படகு. (நேரம் மாறும், முதல் நாளே இறங்குதுறையில் கேளுங்கள்.) குறிகட்டுவானுக்கு ஒரு மணித்தியாலம். சோளகத்தில் ஒன்றேகால். அலை உள்ளே அடிக்காமல் படங்குச் சீலையை இழுத்துக் கட்டியிருந்தார்கள். உள்ளே மண்ணெண்ணெயும் கருவாடும் மணக்க, இயந்திரச் சத்தத்தில் நாற்பது பேர் நெருக்கி இருந்தோம். சனத்துக்கு முன்னால் கண்ணை மூடுவதில்லை என்ற முடிவோடு ஏறினேன்.

கண்ணைத் திறந்தபோது படகுக்காரர் மரியதாஸ் என் முகத்துக்கு நேரே குந்தியிருந்தார். ரிக்கற் காசு வாங்க வந்தவர். அவருடைய கை என் தோளில் இருந்தது. எதிர் வாங்குப் பலகையில் இருந்த சனம் முழுவதும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அண்ணை, மிசின் நிண்டா என்ன செய்யிறதெண்டு எனக்குத் தெரியும்" என்றார். "நீங்கள் நிண்டா என்ன செய்யிறது?"

"நான் எங்க நிண்டனான்?"

"அக்காவைக் கேளுங்கோ."

தவமலர் படங்கின் இடுக்கால் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இது சின்னன்" என்றாள். "பெரிசு வீட்டிலதான்."

மரியதாஸ் காசு வாங்காமலே அடுத்த வாங்குக்குப் போய்விட்டார். அவர் காசு மறந்ததை நான் முன்பு கண்டதில்லை. இறங்கும்போது கூப்பிட்டுக் கொடுத்தேன்.

குறிகட்டுவானில் மோட்டார் சைக்கிள் நின்றது, அதன் திறப்பும் என் பையில் இருந்தது. தவமலர் அதைத் திரும்பியும் பார்க்காமல் பஸ்ஸில் ஏறி எனக்கும் இடம் பிடித்தாள். யாழ்ப்பாணம் முப்பது கிலோமீற்றர் சொச்சம், பஸ்ஸில் ஒன்றேகால் மணித்தியாலம். தாம்போதி வந்தபோது அன்று சில்லு இறங்கிய இடத்தைக் காட்ட நினைத்தேன். பஸ் கடந்து போனது.

பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு விடுதியில் அறை எடுத்தோம், நாலாயிரத்து ஐந்நூறு ரூபா. சொந்தக்காரர் வீடுகள் இருக்கின்றன. என் குறட்டைக்குப் பயந்து நான் அங்கெல்லாம் தங்குவதை விட்டுப் பல வருடம். பின்னேரம் ஐந்து மணிக்கு ஓட்டோ பிடித்தோம். வைத்தியர் பார்க்கும் தனியார் நிலையத்தின் பெயரைச் சொன்னதும் சாரதிப் பொடியன் கண்ணாடியில் என்னைப் பார்த்தான்.

"நெஞ்சு டொக்டரிட்டையோ? இருமல் எத்தினை நாள் அண்ணை?"

"இருமல் இல்லை. குறட்டை."

"குறட்டைக்கு டொக்டரோ!" ஓட்டோ ஒரு பக்கம் சாயச் சிரித்தான். "என்ர மாமாவைக் கொண்டுவந்தா ஆஸ்பத்திரி காணாது."

"தம்பி, உங்கட மாமி எங்க படுக்கிறவ?" என்று தவமலர் கேட்டாள்.

"அவ மற்ற அறையில, கதவைச் சாத்திப்போட்டு."

"அப்ப குறட்டை நிக்கிறது ஒருத்தருக்கும் தெரியாது."

இறக்கிவிட்டு முந்நூறு ரூபாவை வாங்கிக்கொண்டு, "அந்த டொக்டர் எந்தெந்த நாள் வாறவ?" என்று கேட்டான்.

எனக்குப் பதினாலாம் இலக்கம். வைத்தியர் கட்டணமும் நிலையக் கட்டணமும் சேர்த்து மூவாயிரத்துக்குக் கொஞ்சம் மேல். சுற்றிவர இருமிக்கொண்டிருந்தார்கள். முகக்கவசத்தை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டு, தெரிந்த முகம் ஏதும் வருகிறதா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நிலையிலும் எனக்குச் சீனி வியாபாரத்தின் பயம். இரண்டு பயம் ஒன்றாக வந்தால் மனம் சின்னதைத்தான் பிடித்துக்கொள்கிறது.

வைத்தியர் நாற்பது வயது மதிக்கத்தக்க பெண். "என்ன செய்யுது?" என்றார். நான் வழக்கமான கதையைத் தொடங்கினேன். அலுப்பு, காலையில் தலையிடி, வாய் காய்தல், மறதி. அவர் கேட்டு முடித்துவிட்டு என் மனைவி பக்கம் கதிரையைத் திருப்பினார்.

"இனி நீங்கள் சொல்லுங்கோ அம்மா. அது நடக்கேக்க அங்க இருந்தது நீங்கள்தானே. இவர் இல்லை."

"எனக்குச் சொல்லத் தெரியாது டொக்டர்" என்றாள் தவமலர். "செய்து காட்டட்டோ?"

தலையைக் கதிரையில் சாய்த்து, வாயைத் திறந்து, கண்ணை மூடினாள். முதலில் குறட்டை. அது என்னுடையது என்று எனக்குத் தெரியும், பிள்ளைகள் சின்ன வயதில் பகிடியாகச் செய்து காட்டியிருக்கிறார்கள். பிறகு அது நடுவில் அறுந்தது. அவளுடைய நெஞ்சும் வயிறும் மட்டும் ஏறி இறங்கப் பார்த்தன, காற்றுப் போகவில்லை. வெளியே அடுத்த இலக்கத்தைக் கூப்பிட்டார்கள். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. வைத்தியர் எழுதுவதை நிறுத்திவிட்டுச் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். அவள் முகம் சிவந்து வந்தது.

"போதும் தவம்" என்றேன்.

அவள் ஒரு கையை உயர்த்தினாள். பொறுங்கோ என்று. இன்னும் பொறுத்தாள். நான் எழும்பி அவள் தோளைப் பிடிக்கப் போன நேரம், கிணற்றில் விழுந்தவரைத் தூக்கிப் போட்டதுபோல் ஒரு இழுப்பு இழுத்தாள். மேசையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

"இவர் இன்னும் கூட நேரம் நிக்கிறவர் டொக்டர்" என்றாள். "எனக்கு அவ்வளவு ஏலாது."

என் வருத்தத்தை நான் முதலில் பார்த்தது அந்த அறையில்தான். அதுவரை மூன்று வைத்தியர்களுக்கு நான் காணாத ஒன்றைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். கண்ட ஆள் கடல் தாண்டி, கல்லாவில், உளுந்து நிறுத்துக்கொண்டு இருந்தாள்.

வைத்தியர் என் கழுத்தை நாடாவால் அளந்தார், தொண்டைக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். நித்திரையில் தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப் பாதை மூடிக்கொள்கிறது, உடம்பு காற்றுக்காக ஒவ்வொரு தடவையும் பாதி எழும்புகிறது, இரவு முழுவதும் படுத்திருந்தும் நித்திரை கொள்ளாத கணக்குத்தான் என்று விளக்கினார். நித்திரைக் குளிசையை அன்றோடு நிற்பாட்டச் சொன்னார், அது தொண்டையை இன்னும் தளர்த்தும் என்று. அடுத்தது: "சரியாகும் மட்டும் மோட்டார் சைக்கிள் ஓடக் கூடாது."

"அப்ப என்ர யாவாரம்?"

"தாம்போதியில விழுந்தா ஆர் யாவாரம் பாக்கிறது?"

தவமலர் தாம்போதிக் கதையை எப்போது சொன்னாள் என்று எனக்குத் தெரியவில்லை. நான் உடுப்பைச் சரிசெய்த நேரத்தில் சொல்லியிருக்க வேண்டும்.

பரிசோதனைக்கு ஒரு சிறிய கருவியைத் தந்தார்கள். விரலில் ஒரு கிளிப், மூக்கடியில் ஒரு குழாய், நெஞ்சைச் சுற்றி ஒரு பட்டி. அதோடு விடுதியில் படுக்க வேண்டும். கண்ணை மூடினால் அவளுடைய சிவந்த முகம் வந்தது. இன்றைக்கு நின்றால் கருவி எழுதும், எழுப்பாது என்ற எண்ணம் வேறு. "காம்பு கொண்டு வந்தனீரோ?" என்று கேட்டேன். கைப்பையைத் திறந்து காட்டினாள். அதன் பிறகுதான் படுத்தேன்.

மறுநாள் பின்னேரம் முடிவு சொன்னார். மணித்தியாலத்துக்கு முப்பது தடவைக்கு மேல் மூச்சுத் தடைப்பட்டால் கடுமை என்று எடுப்பார்களாம். என்னுடையது அதைத் தாண்டி நின்றது. வழி, இரவில் முகத்தில் மூடி மாட்டி, காற்றை மெல்லிய அழுத்தத்தில் செலுத்தும் இயந்திரம். எனக்கு உடனே வந்த பயத்தைக் கேட்டேன்.

"எங்கட தீவில கரண்ட் நிக்கும் டொக்டர். மூடியோட நான் நித்திரை. நிண்டா?"

"மூடியில காத்துப் போய்வர ஓட்டை இருக்கு. மூச்சு முட்டாது, பழைய குறட்டைதான் வரும்" என்றார். "அதுக்கு அம்மாவின்ர தடி இருக்குத்தானே."

இனிப் புறப்படப் போகிறவர்களுக்கு. குறட்டையோடு பகலில் தூக்கமும் காலைத் தலையிடியும் இருந்தால், முதலில் உங்கள் ஊர் ஆஸ்பத்திரி வைத்தியரிடம் சொல்லி, நெஞ்சுநோய் விசேட வைத்தியருக்குக் கடிதம் வாங்குங்கள். அரச ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்கும் அதோடு போகலாம், காசு இல்லை, காத்திருக்க வேண்டும். ஊர்காவற்றுறை, வேலணைப் பக்கம் இருப்பவர்கள் பின்னேரம் பார்த்துவிட்டு வீடு திரும்பலாம். நெடுந்தீவு, நயினாதீவுக்காரர் தங்குகிற எண்ணத்தோடு உடுப்பு எடுத்துப் போங்கள். படகு நேரத்துக்கு வைத்தியர் தேடாதீர்கள். இயந்திரம் புதிதாக இரண்டு லட்சத்துக்குக் கிட்டச் சொன்னார்கள். உடனே வாங்காமல் ஒரு மாதம் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள், மூடி முகத்துக்குப் பொருந்துகிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முதல் சில இரவுகள் பிடுங்கி எறியச் சொல்லும். எறியாதீர்கள். நான் கடையின் குளிர்பெட்டிக்கு வைத்திருந்த பற்றரியை அறைக்கு மாற்றியிருக்கிறேன். சாமானுக்கு இப்போது லொறியில் சாரதிக்குப் பக்கத்தில் இருந்து போகிறேன், வைத்தியர் ஓடலாம் என்று சொல்லும் வரைக்கும். பயம் போய்விட்டதா என்று கேட்டால் இல்லை. மூடியை மாட்டும் ஒவ்வொரு இரவும் ஒரு தடவை வருகிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, பக்கத்தில் படுப்பவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். கடையைப் பூட்டுங்கள். யார் செத்தது என்று கேட்டால் கேட்கட்டும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், திரும்பி வந்த படகு. மூன்றாம் நாள் மத்தியானம் குறிகட்டுவானில் ஏறினோம். வாடகைக்கு எடுத்த காற்று இயந்திரத்தின் பெட்டியை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்தபடி இருந்த தவமலர், படகு துறையை விட்டு விலக முன்னமே நித்திரையாகிவிட்டாள். அலை தூக்கிப் போட்டது, படங்கின் இடுக்கால் தண்ணீர் தெறித்தது, அவள் எழும்பவில்லை. பங்குனிக்குப் பிறகு அவள் முழுதாக நித்திரை கொண்டதை நான் பார்க்கவில்லை. நான் அவளுடைய மூச்சைப் பார்த்துக்கொண்டு வந்தேன். வந்தது, போனது, வந்தது. ஒரு பெரிய அலையில் ஒரு மூச்சு வரச் சுணங்கியதுபோல் இருந்தது. என்னை அறியாமல் என் கை அவளுடைய விலாவுக்குப் போய்விட்டது. பிறகு வந்தது.

துறையில் சனம் எல்லாம் இறங்கியது. மூட்டைகளும் இறங்கின. மரியதாஸ் கயிற்றைக் கட்டிவிட்டு எங்களிடம் வந்தார்.

"அண்ணை, அக்காவை எழுப்பேல்லையோ? வந்திட்டுது."

"கொஞ்சம் பொறும்" என்றேன்.